அயோத்திதாசரின் கோரிக்கைகளும் பாலாற்றங்கரையும்

2019 ஆகஸ்டில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் இறந்துபோன தலித் ஒருவரின் உடலை உறவினர்கள் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். பாடையோடு கீழே போன உடலைக் கீழே நின்றவர்கள் கைநீட்டி வாங்கினார்கள். ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்துக்குள் இருந்தது. அந்த வழியாகப் பிணத்தைக் கொண்டு செல்ல அவர்கள் விடவில்லை. அதைப் பதிவுசெய்த காணொளி பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

அந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரே வியப்பு ஒலித்துக்கொண்டிருந்தது. இருபத்தோராம் நூற்றாண்டிலுமா இப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். ஆண்டுகள் நகர்ந்தால் மனிதர்களும் தாமாகவே நாகரிகம் அடைந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்த வியப்பின் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கையை நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே மறுத்த ஒருவர் தமிழில் எழுதியிருக்கிறார். அவருடைய வாழ்க்கையை வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் நின்று திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

அயோத்திதாசப் பண்டிதர் 1845 மே 20 அன்று பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்னும் ஆங்கில அதிகாரியிடம் சமையல் பணியில் இருந்தவர். அவர் தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அந்த அதிகாரியிடம் கொடுக்க, அது எல்லீஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேறுவதற்கு வழியாயிற்று என்ற செய்தியைப் பேரனே பிற்காலத்தில் பதிவு செய்தார். இதைப் பெருமைக்குரிய குடும்பக் கதை என்று மட்டும் கடந்துபோக முடியாது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் ஓலைச்சுவடிகள் இருந்தன, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், சித்த மருத்துவம் பரம்பரையாக வந்தது. அறியாமையில் ஆழ்ந்து கிடந்த கூட்டத்தை யாரோ கைதூக்கிவிட வேண்டியிருந்தது என்று இன்றைய பாடநூல்களும் சொல்லும் சித்திரத்தோடு இந்த வீடு பொருந்தவில்லை.

தமக்குக் கல்வி கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் பயின்றார். இளமையில் நீலகிரிக்குச் சென்று அங்கே நெடுங்காலம் வாழ்ந்தார். 1870களில் அத்வைதானந்த சபையை நடத்தினார். வேதாந்தம் எல்லா உயிரையும் ஒன்றென்று சொல்கிறது, ஆகவே அதை ஏற்றவர்கள் எங்களையும் ஒன்றாக நடத்துவார்கள் என்று அக்காலத்தில் அவர் நம்பியிருக்க வேண்டும். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, ஒடுக்கப்பட்டோரை ஆதித் தமிழர் என்று பதியுமாறு அரசைக் கேட்டார். 1885இல் ஜான் ரத்தினத்தோடு சேர்ந்து 'திராவிட பாண்டியன்' இதழை நடத்தினார். திராவிடம் என்ற சொல்லை அரசியல் சொல்லாக்கியவர்கள் யார் என்று எழுதும் பலர் இந்த ஆண்டைத் தாண்டித்தான் தொடங்குகிறார்கள். அது வேறொரு கட்டுரைக்கான சண்டை.

1891 டிசம்பர் 1 அன்று உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அங்கே நிறைவேறிய தீர்மானங்களை ஒரு வழக்கறிஞராக நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவற்றின் சட்டக்கூர்மை என்னை நிறுத்திவிடுகிறது. பறையர் என்ற சொல்லை இழிவுபடுத்தும் நோக்கில் பயன்படுத்துவோரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்கிறது ஒன்று. பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தடையின்றி நீர் எடுக்க வேண்டும், நீதிமன்றங்களிலும் அரசு அலுவலகங்களிலும் நுழைய இருக்கும் தடைகள் நீங்க வேண்டும் என்கின்றன வேறு சில. கல்வி, உதவித்தொகை, படித்தவருக்கு அரசு வேலை, நகராட்சிகளிலும் உள்ளூர் மன்றங்களிலும் இடம் என்று பட்டியல் நீள்கிறது. சிறை விதிகளில் பறையர் கைதிகளுக்கு மட்டும் இழிவான வேலைகளை ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

இந்தக் கடைசிக் கோரிக்கையைச் சற்று நின்று பார்க்கலாம். வழிபாட்டுரிமையைப் பற்றியோ சமபந்தியைப் பற்றியோ பேசுவது அக்காலச் சீர்திருத்தக்காரர்களுக்கு எளிது. சிறைக்குள் கக்கூஸ் வாளியைத் தூக்குகிறவன் யார் என்று பார்க்க, விதிப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய ஒருவர் தேவைப்பட்டார். சாதி மனத்தில் மட்டும் வாழவில்லை, அரசு அச்சடித்த விதியெண்ணுக்குள்ளும் வாழ்கிறது என்று 1891இல் அவர் கண்டுகொண்டார். சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3 அன்று. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கு அது. இடையில் ஓடியவை 133 ஆண்டுகள். அவற்றில் 74 ஆண்டுகள் அரசியலமைப்பு நடைமுறையில் இருந்த ஆண்டுகள். வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் எழுதிய சிறைக் கையேட்டை நம் அதிகாரிகள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சில மாநிலங்கள் புதிதாக எழுதியபோதும் சாதியை மீண்டும் எழுதிக்கொண்டன. தீண்டாமை ஒழிக்கப்பட்டதென்று 17ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இது நடந்தது.

1892இல் சென்னையில் விக்டோரியா மண்டபத்தில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்றார். சிவன், விஷ்ணு கோயில்களில் தம் மக்களுக்கு நுழைவு வேண்டும் என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். உங்களுக்கு மதுரைவீரன் போன்ற தெய்வங்கள் இருக்க இந்தத் தெய்வங்கள் எதற்கு என்னும் பொருளில் ஒருவர் பதில் சொன்னார். காத்தவராயன் என்று நாட்டுத் தெய்வத்தின் பெயர் சூட்டி வளர்க்கப்பட்ட மனிதரிடம் அது சொல்லப்பட்டது. அவர் உடனே கோயிலை விட்டுவிட்டு, இலவசப் பள்ளியும் தரிசு நிலமும் கேட்டார். அத்வைதத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை அந்த மண்டபத்தோடு முடிந்தது என்றே நினைக்கிறேன். அதே 1892 செப்டம்பர் 30 அன்று, செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். அந்த நிலங்களை மீட்கக் கோரும் மனுக்களோடு ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பவர்களைப் பார்க்காத திங்கட்கிழமை எங்கள் மாவட்டங்களில் இல்லை.

1898இல் தியாசபிகல் சங்கத்தின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குச் சென்று, கொழும்பில் சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அங்கேயே சித்த மருத்துவமும் பார்த்தார். சிறுவயதில் கால் முடங்கிக் கிடந்த திரு.வி. கலியாணசுந்தரனார் அவருடைய சிகிச்சையால்தான் எழுந்து நடந்தார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது முன்னின்றவர்களில் அந்தக் கலியாணசுந்தரனாரும் ஒருவர்.

1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை வெளிவந்தது. விலையே பெயராயிற்று. ஓராண்டுக்குப் பின் 'தமிழன்' என்று சுருங்கி, 1914 மே 5 அன்று அவர் மறையும் வரை தொடர்ந்தது. அதில் அரிசி விலை இருக்கும், மழைச் செய்தி இருக்கும், கிராமத்தில் நடந்த அடிதடி இருக்கும், அதே இதழில் பௌத்த வரலாறும் இருக்கும். 'இந்திரர் தேச சரித்திரம்' இந்தப் பத்திரிகையில்தான் தொடராக வந்தது.

அந்த நூல் சொல்வதைச் சுருக்கமாகக் கூற முயல்கிறேன். இந்த நாடு முன்னர் பௌத்த அறத்தின் கீழ் வாழ்ந்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை. அந்தணர் என்பது கற்று ஒழுகியவர் அடைந்த நிலை. பின்னர் வேடமிட்டவர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். எதிர்த்து நின்ற பௌத்தர்கள் பறையர் என்று இழிக்கப்பட்டு ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். ஆகவே சேரி என்பது நாகரிகம் இன்னும் எட்டாத இடமல்ல. நாகரிகத்தைக் கைவிட மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் இடம்.

இது எழுதப்பட்ட காலத்தை மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்கரான மார்கன் 1877இல் மனித சமுதாயத்தைக் காட்டுநிலை, அநாகரிகநிலை, நாகரிகநிலை என்று ஏணிப்படியாக அடுக்கியிருந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து, 1909இல் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளை வெளியிட்டார். ஆங்கிலேயன் ஏணியின் உச்சியில், படித்த பிராமணன் அவனுக்கு அடுத்து, சேரி அடியில் என்ற இந்த அடுக்கை ஆட்சியாளர்களும் தேசியவாதிகளும் ஒருசேர ஏற்றிருந்தார்கள். அயோத்திதாசர் ஏணியின் படிகளை மாற்றிப் போடவில்லை. வரலாறு ஏணி என்பதையே ஏற்கவில்லை. ஒரு சமுதாயம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும், இறக்கவும்படும். இறங்கியவனையும் இறக்கப்பட்டவனையும் பிரித்தறியாமல் நாகரிகத்தைப் பற்றிப் பேச முடியாது என்றார்.

அவருடைய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை இன்றைய வரலாற்றாய்வு ஏற்காது. நானும் ஏற்கவில்லை. ஆனால் அவருடைய வாதத்தின் வடிவம் உரிமையியல் நீதிமன்றத்தில் பழகியவருக்கு உடனே விளங்கும். நிலம் இன்று யார் அனுபோகத்தில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அது அவர் கைக்கு எப்படி வந்தது என்பது மற்றொன்று. எதிராளி அனுபோகத்தைக் காட்டி உரிமை கொண்டாடுகையில், மூலப் பத்திரத்தைக் கொண்டுவா என்று கேட்பது வாதியின் முதல் வேலை. அயோத்திதாசர் சாதியின் மூலப் பத்திரத்தைக் கேட்டார். 1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்தபோது, சிதறுண்ட பௌத்தர்களே அவர்கள் என்ற முடிவுக்கு வேறொரு வழியில் வந்து சேர்ந்தார். சென்னையில் சாக்கிய பௌத்தச் செயல்பாடுகளோடு இணைந்திருந்த லட்சுமி நரசுவின் பௌத்த நூலை அதே ஆண்டு தம் முன்னுரையோடு மறுபதிப்பும் செய்தார்.

இனி எங்கள் வட்டாரத்துக்கு வருகிறேன். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் அந்த வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்குப் போய் லண்டன் சந்தையை அடைந்தது. அதே தண்டவாளத்தின் மீதுதான் வடஆர்க்காட்டின் நிலமற்ற தலித்துகள் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். பாதாளத்தில் இறங்கிக் கல்லுடைத்த அவர்களே 'தமிழ'னின் உறுதியான வாசகர்கள். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. பண்டிதர் மறைந்த பிறகு அவருடைய நூல்கள் தங்கவயலில்தான் அச்சாகிப் பரவின. 1926இல் பண்டிதர் அப்பாதுரையார் 'தமிழ'னை அங்கிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் அயோத்திதாசரின் பெயரை அறியாதிருந்த காலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் தம் கூலியில் அவரைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுக்க முடிந்ததென்றால் அதற்கும் இந்தக் குடும்பங்கள் பத்திரப்படுத்திய தாள்களே காரணம்.

அயோத்திதாசரைக் கொண்டாடும் மேடைகளில் சொல்லப்படாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் தாழ்ந்தோர் என்றும் தாழ்த்தப்பட்டோர் என்றும் இரு வகை பிரித்தார். பறையர்கள் சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள். சக்கிலியர், தோட்டி, குறவர், வில்லியர் முதலானோர் இயல்பிலேயே தாழ்ந்த நிலையினர். இவர்களை எல்லாம் பஞ்சமர் என்று ஒரே பெயரில் அடைப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். வரலாறு ஏணியல்ல என்று நிறுவியவர், தமக்குக் கீழே இருந்தவர்களைப் பார்க்கும்போது தர்ஸ்டனின் ஏணியையே எடுத்து வைத்துக்கொண்டார். காலத்தின் வரம்பு என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். சிறை விதியின் எண்ணைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்டவருக்கு, செருப்புத் தைப்பவனும் மலம் அள்ளுபவனும் யாரால் அந்த வேலைக்குத் தள்ளப்பட்டார்கள் என்று கேட்கத் தோன்றாமல் போனதைக் காலத்தின் மீது சுமத்திவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

தோல் தொழில் வட்டாரத்தில் இருந்து படிக்கும்போது அந்தப் பிரிவினை இன்னும் உறுத்துகிறது. ஏனெனில் வரலாறு அந்தக் கோட்டை அழித்துவிட்டது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி ஊறிய தோலைத் தூக்கியவர்களிலும், சதை வழித்தவர்களிலும், பின்னர் குரோம் வந்தபோது டிரம்முக்கு அருகில் நின்றவர்களிலும் அருந்ததியர் இருந்தார்கள். அவர்களைவிட அதிகமாகப் பறையர்களும் இருந்தார்கள். ஆலையின் முதலாளி எந்தச் சாதியானாலும் எந்த மதத்தவரானாலும் குழிக்குள் நின்றவர் பெரும்பாலும் தலித். இன்று ஆம்பூரின் ஷூ கம்பெனிகளுக்காக வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று மேல்தோல் தைக்கும் பெண்களில் எல்லாத் தலித் சாதியாரும் இருக்கிறார்கள், முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் தைத்த காலணி ஐரோப்பிய நகரங்களின் கடைக் கண்ணாடிக்குள் போய் நிற்கிறது.

2009இல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கிய சட்டத்தையும், உட்பிரிவு செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் எதிர்க்கும் நம் தோழர்கள் சிலர், அயோத்திதாசரின் படத்தை மேடையில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். அந்தப் படம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

பாலாற்றின் கதை சட்டக் கல்லூரிகளில் பாடம். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. நானும் தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதென்று அத்தீர்ப்பு பதிவு செய்தது. ஹெக்டேர் என்பது நிலமுள்ளவரின் அளவை. அதே நிலத்தில் கூலிக்குப் போனவருக்கும், அதே கிணற்றைக் குடித்தவருக்கும், ஆலைக்குள் நின்று தோல் வெந்தவருக்கும் அந்த அளவையில் இடமில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை பாலாற்றைக் கையிலெடுத்து, இழப்பீட்டையும் ஆற்றை மீட்பதையும் பற்றி உத்தரவிட்டது. முதல் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 28 வயது முடிந்திருந்தது.

ஒரு தோல் ஆலையின் கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயுவால் இறந்தவரின் மனைவிக்காக நான் ஆஜரானபோது, எதிர்த்தரப்பு வைத்த வாதம் எளிமையானது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மலத்தொட்டியையும் கழிவுநீர்க் குழாயையும் பற்றியது. இது தொழிற்கழிவுத் தொட்டி. ஆகவே கையால் மலம் அள்ளுவோருக்கான இழப்பீடு இவருக்குப் பொருந்தாது. இறந்தவர் மூச்சடைத்த வாயு எந்தத் தொட்டிக்குரியது என்று நாங்கள் இரண்டு வாய்தா வாதாடினோம். தொட்டியில் இறங்க அவர் ஏன் அழைக்கப்பட்டார், ஆலையில் வேறு யாரும் ஏன் அழைக்கப்படவில்லை என்பதைப் பற்றிப் பேச வழக்கில் எழுவினா வகுக்கப்படவில்லை. அயோத்திதாசர் 1891இல் சிறை விதியைப் பற்றிக் கேட்டது அந்த எழுவினாவைத்தான்.

ஆங்கில ஆட்சியின் நடுநிலையை அவர் அளவுக்கு மீறி நம்பினார் என்பதும் உண்மை. சுதேசி இயக்கத்தின் மீது அவருக்கிருந்த சந்தேகம் நியாயமானது. அந்நியத் துணியை எரிப்பவன் தன் தெருக்கிணற்றைத் திறக்கவில்லை என்பதை அவர் கண்ணால் கண்டார். ஆனால் அவர் நம்பிய அந்த அரசுதான் அவர் எதிர்த்த சிறை விதியை அச்சடித்தது, தோலை மலிவாக வாங்கி லண்டனுக்கு அனுப்பியது, சுரங்கத்தில் கூலி நிர்ணயித்தது. 1892இன் நில ஆணையைப் பார்த்து அவருக்கு நம்பிக்கை வந்திருக்கலாம். இன்னொரு புகலிடம் அவருக்குக் கண்ணில் படவும் இல்லை.

இன்று அவருக்கு அஞ்சல்தலை உண்டு. தாம்பரத்தில் அவர் பெயரில் சித்த மருத்துவமனை உண்டு. சென்னையில் மணிமண்டபம் உண்டு. நாராயணபுரத்தில் உடல் இறக்கப்பட்ட பிறகு, தலித்துகளுக்கென்று தனிச் சுடுகாட்டுக்கு அரசு இடம் ஒதுக்கியது. பொதுச் சுடுகாட்டுக்குப் போகும் வழி திறந்துவிடப்படவில்லை. பிரச்சினை தீர்ந்ததென்று கோப்பு முடிக்கப்பட்டது.